கெம்பனின் வலது மூக்கு

எங்கள் ஊரில் எந்த நோயையும் யாரும் ஒழித்ததாக எனக்கு நினைவில்லை. அடுத்த ஊருக்கு அனுப்பிவைப்பார்கள். மனிதருக்கு அம்மை போட்டாலும் சரி, மாடுகளுக்கு வெக்கை நோய் வந்தாலும் சரி, வைத்தியம் ஒன்றுதான். ஒரு பழைய முறம், தேய்ந்த துடைப்பம், விளிம்பு உடைந்த சட்டி, மேலே ஒரு கொத்து வேப்பிலை. இவற்றை மஞ்சள் துணியில் மூட்டையாகக் கட்டி, ஒருவர் வாய் பேசாமல் எடுத்துப்போய் அடுத்த ஊர் எல்லையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். விடிந்ததும் அதைப் பார்க்கிற அந்த ஊர்க்காரர்கள் எங்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அதே மூட்டையைத் தூக்கிப்போய்த் தங்களுக்கு அடுத்த ஊர் எல்லையில் வைப்பார்கள். மாரியாத்தா இப்படியே கால் நோகாமல் தாலுகா முழுவதையும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொல்வது ஐம்பதுகளில் நடந்தது. எனக்கு எட்டு வயது இருக்கலாம். ஓசூரில் அப்போது பெயருக்குக்கூட ஒரு புகைபோக்கி கிடையாது. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். ராகியும் கொள்ளும் அவரையும் விளைகிற மேட்டு நிலம். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, அத்திப்பள்ளிச் சந்தைக்குப் போனால் கன்னடம் என்று பெரியவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். எனக்குத் தமிழும், சண்டை போடுகிற அளவுக்குத் தெலுங்கும் தெரியும்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் கெம்பன். செம்மண் நிறம். ராகி அடித்து முடித்த ஒரு சாயங்காலம் களத்திலிருந்து அப்பாவின் பின்னாலேயே குட்டியாக வந்து, யாரும் வா என்று சொல்லாமலே வீட்டோடு தங்கிவிட்டது. அதன் வலது காது நிமிர்ந்து நிற்கும். இடது காது மட்டும் பாதியில் மடிந்து தொங்கும். அப்பா நாயைக் கொஞ்சி நான் பார்த்ததே இல்லை. அவர் மனிதர்களையும் கொஞ்சுகிறவர் இல்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து உட்காரும்போது, கெம்பன் வந்து அவர் கால்மாட்டில் படுத்துக்கொள்ளும். அப்பா ஏதோ யோசனையாக அந்த மடிந்த காதை விரலால் நிமிர்த்திவிடுவார். அது விழும். மறுபடி நிமிர்த்துவார். அது மறுபடி விழும். இருவருக்கும் இதில் அலுப்பு வந்ததாகத் தெரியவில்லை.

கெம்பனுக்குக் கருவாடு என்றால் உயிர். அப்பாவுக்கு அந்த வாசனையே ஆகாது. அவர் வெளியூர் போகிற நாள் பார்த்துத்தான் அம்மா கருவாடு சுடுவாள். அன்றைக்குக் கெம்பன் அடுப்படி வாசலைவிட்டு நகராது. தலை எனக்கு, வால் அதற்கு என்று நாங்கள் பங்கு பிரித்துக்கொள்வோம். அப்பா வீடு திரும்பி மூக்கைச் சுளிக்கும்போது, நானும் கெம்பனும் ஒன்றும் தெரியாத முகத்தோடு அவரைப் பார்ப்போம்.

வீட்டில் நாயைவிட முக்கியமானவை இரண்டு எருதுகள். அப்பா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த ஜோடி அது. இரண்டாவது எருதை வாங்கியபோது நானும் சந்தைக்குப் போயிருந்தேன். தரகர் தன் கையையும் அப்பாவின் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டார். துண்டுக்குள் விரல்கள் அசைந்தன. இருவரும் வாயே திறக்கவில்லை. தலையை ஆட்டினார்கள், மறுத்தார்கள், மறுபடி விரல் அசைந்தது. கடைசியில் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ள, எருது எங்களுடையதாகிவிட்டது. சந்தையில் பெரியவர்கள் விலையை வாயால் பேசுவதில்லை, ஜாடையில்தான் பேசுவார்கள் என்பதை அன்றைக்கு நான் மிகப்பெரிய உண்மையாகக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

அந்த மார்கழியில் ஊருக்குள் வெக்கை வந்தது. எங்கள் தெருக்கோடி வீட்டில் முதலில் ஒரு பசு. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது, வாயெல்லாம் புண், பிறகு கழிச்சல். அது செத்த சில நாளில் அதே வீட்டில் ஒரு எருது விழுந்தது. அப்புறம் எதிர் வரிசையில். ஊர் நடுங்கிப்போய்விட்டது. எருது போனால் ஏர் இல்லை, ஏர் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் சோறு இல்லை. கணக்கு அவ்வளவுதான். எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது, வெளியூர் ஆள் உள்ளே வரக் கூடாது, ஊர் மாடு வெளியே போகக் கூடாது என்று கட்டு போட்டார்கள். அப்பா ராத்திரியெல்லாம் கொட்டிலிலேயே படுத்துக்கொண்டார். விடிந்ததும் அவர் முதலில் செய்கிற வேலை எருதுகளின் மூக்கைத் தடவிப் பார்ப்பது. அந்த ஒரு மாதம் ஊர் முழுக்க எல்லோரும் எல்லா மாட்டின் மூக்கையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கெம்பனுக்கு மூக்கு ஒழுகியது.

அன்று மத்தியானம் அது மேய்ச்சல் கரட்டில் ஒரு எலியைத் துரத்திக்கொண்டு ஊசிப்புல்லுக்குள் தலையை விட்டதை நான் பார்த்தேன். வெளியே வந்ததும் தும்ம ஆரம்பித்தது. சாதாரணத் தும்மல் இல்லை, மூக்கு தரையில் இடிக்கிற மாதிரித் தும்மல். தலையை உதறும். முன்னங்காலால் மூக்கைத் தேய்க்கும். மறுபடி தும்மும். முதலில் நான் சிரித்தேன். மார்கழிக் குளிரில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும்தான் மூக்கு ஒழுகியது, நாய்க்கு மட்டும் ஒழுகக் கூடாதா என்ன.

மறுநாள் தண்ணீராக வந்தது, பிறகு கெட்டியாகி மஞ்சளாக மாறியது. நான் என் பாவாடை ஓரத்தால் துடைத்துவிடுவேன். துடைக்கிறவளுக்குத்தான் தெரியும், வலது மூக்கில் மட்டுமே வந்தது. இடது மூக்கு எப்போதும்போல் கறுத்து ஈரமாக, நன்றாக இருந்தது. கெம்பன் தன் களியைத் தின்றது, வாலை ஆட்டியது, என்னோடு ஓடியது. இதை அம்மாவிடம் சொன்னேன்.

“வலப்பக்கம் மட்டுந்தாம்மா ஒழுவுது.”

“இன்னிக்கி ஒரு பக்கம் ஒழுவும், நாளைக்கி ரெண்டு பக்கமும் ஒழுவும். அத்தத் தொட்ட கையோட மாட்டுப் பக்கம் போவாத,” என்றாள் அம்மா.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்பதில் விஷயம் இருக்கிறது என்று ஊரில் யாருக்குமே தெரியாது. மூக்கு ஒழுகினால் வெக்கை. வெக்கை என்றால் ஆத்தா. ஆத்தா வந்திருக்கும்போது மருந்துப் பேச்சே எடுக்கக் கூடாது. அப்படியே எடுத்தாலும், நாயைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போகிறவனை ஊர் எப்படிப் பார்த்துச் சிரிக்கும் என்று ஒன்று இருக்கிறதே. ஏர் உழாத, பால் கறக்காத பிராணிக்கு ஆஸ்பத்திரியா?

சித்தப்பா, அப்பாவின் தம்பி, எதற்கும் ஒரு கைவைத்தியம் வைத்திருப்பவர். அவர் தும்பைப்பூவைக் கசக்கிச் சாறு எடுத்து, கெம்பனின் வாயை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒழுகுகிற மூக்கிலேயே பிழிந்தார். கெம்பன் துள்ளி விழுந்து தும்மியது. தும்மலோடு ரத்தம் வந்தது. சித்தப்பாவின் வெள்ளை வேட்டியில் தெறித்த அந்த நாலைந்து துளிதான் கெம்பனின் தலையெழுத்தை முடிவு செய்தது. சித்தப்பா வேட்டியோடு தெருவில் இறங்கினார். ஆத்தா ரத்தம் காட்டிவிட்டாள் என்கிற சேதி அவரைவிட வேகமாகப் போனது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் ஊர் கூடியது. கெம்பன் எங்கள் எருதுகளின் கல்தொட்டியில் தண்ணீர் குடிக்கிறதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நாய் ஊர் முழுக்கச் சுற்றுகிறது, ஆத்தா நாய்மேல் ஏறித்தான் வீடு வீடாகப் போகிறாள் என்றார்கள். சொல்லிக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் கையில் தடி இருந்தது. அப்பா கொட்டில் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் எருதுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. தெருக்கோடி வீட்டுக்காரர், இரண்டையும் பறிகொடுத்தவர், ஒன்றும் பேசாமல் எங்கள் எருதுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசியவர்களைவிட அவர் நின்றதுதான் அப்பாவை அசைத்திருக்க வேண்டும்.

ஊர்க் கவுண்டர் சொன்னார், “இந்த வாட்டி பக்கத்து ஊரு எல்லையில வெச்சா ஆவாது. போன வாட்டி அவனுங்க சுத்தி எடுத்தாந்து நம்ம எல்லையிலயே வெச்சிட்டானுங்க. நாயை அடிச்சு மூட்டையோட சேத்துப் பொதைச்சிரலாம்.”

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அடிக்க வேணாங்க. நானே மூட்டையையும் நாயையும் மைசூர் சீமையில கொண்டுபோயி விட்டுட்டு வரேன். அங்கருந்து திரும்பாது.”

கூட்டத்துக்கு இது பிடித்துப்போயிற்று. ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி போனால் அது மைசூர் சீமை. அங்கே மகாராஜா இருக்கிறார், ஆத்தாவை அவர் பார்த்துக்கொள்வார் என்று சித்தப்பா சொல்ல, அத்தனை பயத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். தாலுகா விட்டுத் தாலுகா அல்ல, ராஜ்ஜியம் விட்டு ராஜ்ஜியமே அனுப்பிவிடலாம் என்பது எங்கள் ஊருக்கு அதுவரை தோன்றாத பெரிய யோசனை. தடிகளைச் சுவரில் சாய்த்தார்கள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டதில் ஒன்றுதான் என் மனதில் தங்கியது. யாரோ சொல்லி அப்பா செய்யவில்லை, அப்பாவே முன்வந்து சொன்னார். தடிகள் என் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் அப்பா கெம்பனின் கண்ணை ஒரு துணியால் கட்டினார். வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடும் அல்லவா. அது அப்பா கைதானே என்று தலையை நன்றாகக் காட்டியது. பிறகு அதை ஒரு கோணிச்சாக்குக்குள் இறக்கி, மூச்சுவிட வாயைத் தளர்த்திக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டார். மறுகையில் மஞ்சள் மூட்டை. அஞ்செட்டி மலையிலிருந்து பெங்களூருக்குக் கரி ஏற்றிப்போகும் லாரிகள் சாலையில் நின்று ஆள் ஏற்றிக்கொள்ளும். மூட்டைக்குள் என்ன என்று லாரிக்காரர் கேட்டாரா, அப்பா என்ன சொன்னார் என்பதெல்லாம் தெரியாது. சாக்குக்குள்ளிருந்து தும்மல் சத்தம் மட்டும் தெருமுனை வரை கேட்டது. நான் கத்திக்கொண்டே பின்னால் ஓட, அம்மா என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஓசூருக்குள் நுழைந்ததும் சாலையோரத்தில் மாட்டாஸ்பத்திரி இருந்தது. அந்த லாரி அதன் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கும். வேறு வழியே கிடையாது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் அந்த வாசலைத்தான் பார்க்கிறேன். கோணிச்சாக்கோடு ஒரு மனிதர் அங்கே இறங்கியிருந்தால் போதும்.

அப்பா மறுநாள் வெறும் சாக்கோடு திரும்பினார். ஊர் அவருக்கு நல்ல மரியாதை கொடுத்தது. நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

பேசாமல் இருப்பது என்றால் சின்னப் பிள்ளை கோபம் என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் கேட்டால் சொம்பைக் கொண்டுபோய் வைப்பேன், முகம் கொடுக்க மாட்டேன். கூப்பிட்டால் வந்து நிற்பேன், வாய் திறக்க மாட்டேன். அப்பா அதட்டவில்லை. அம்மா ஒருமுறை என் தலையில் குட்ட வந்தபோது, விடு என்பதுபோல் கையைக் காட்டினார். அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஜீப்பில் ஊசி டாக்டர் வந்தார். தகவல் மேலே போயிருக்கிறது. கூடவே ஐஸ் பெட்டியில் மருந்து. தெற்கத்திப் பேச்சு பேசுகிற இளவயதுக்காரர். ஊரில் பாதிப் பேர் மாட்டைக் கொல்லைப்புறமாக ஓட்டி ஒளித்தார்கள். ஆத்தா இருக்கும்போது ஊசி குத்தினால் கோபித்துக்கொள்வாளாம். தெருக்கோடி வீட்டுக்காரர் ஒருவர்தான், இனி ஒளிப்பதற்கு மாடு இல்லாதவர், வீடு வீடாகப் போய், போடச் சொல்லுங்கள் என்று மன்றாடினார். அப்பா முதல் ஆளாக எருதுகளை ஓட்டிவந்தார். அவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் ஊசி போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

“நாய்க்கும் இந்த ஊசி போடுவீங்களா?” என்று டாக்டரிடம் கேட்டேன். அப்பா காதில் விழட்டும் என்றுதான் கொஞ்சம் உரக்கக் கேட்டேன்.

“நாய்க்கு எதுக்கு பாப்பா?”

“எங்க நாய்க்கும் வெக்கை வந்துச்சே. மூக்கு ஒழுவுச்சு.”

டாக்டர் சிரித்தார். மாட்டு வெக்கை நாயை ஒன்றும் செய்யாது என்றார். அடுத்த ஊசிக்கு மருந்தை இழுத்துக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்கிறதுபோல, “ஒரு பக்கம் ஒழுகுச்சா, ரெண்டு பக்கமுமா?” என்றார்.

வலப்பக்கம் மட்டும் என்றேன். திடீரென்று தும்ம ஆரம்பித்ததையும், தலையை உதறியதையும், காலால் தேய்த்ததையும் சொன்னேன். சோறு தின்றதா என்று கேட்டார். தின்றது. கண்ணில் பூளை கட்டியதா? இல்லை. இருமல்? இல்லை. எங்கே விளையாடியது என்று கேட்டார். ஊசிப்புல் என்றேன். அவர் கை அப்படியே நின்றது. இத்தனை நாளில் கெம்பனைப் பற்றி ஒருவர் ஒழுங்காக விசாரித்தது அதுதான் முதல் தடவை.

“ரெண்டு மூக்கும் ஒழுகி, கண்ணுல பூளை தள்ளி, சோறு இறங்காம சுருண்டு கிடந்தா அது நோய். அதுக்கு அன்னைக்கே தூக்கிட்டு வரணும். இது நோயில்லம்மா. புல்லு முள்ளு ஒண்ணு மூக்குக்குள்ள ஏறி மாட்டியிருக்கு. அதான் ஒரு பக்கம் மட்டும் ஒழுகுது. இடுக்கி போட்டு எடுத்தா ஒரு நிமிஷ வேலை. நாயைக் கூட்டிட்டு வா, இங்கேயே எடுத்து விடறேன்.”

“எங்கப்பா மைசூர் சீமையில விட்டுட்டு வந்துட்டாரு,” என்றேன்.

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா எருதின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாரோ, எருது வலி தாங்காமல் தலையைத் தூக்கியது. கயிற்றைத் தளர்த்திக்கொண்டே அவர் கேட்டார்.

“அது தானா வெளிய வந்துருங்களா?”

“தும்மித் தும்மிச் சிலதுக்கு விழுந்துடும். இல்லேன்னா உள்ளேயே புண்ணாகிச் சீழ் வச்சுடும்,” என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த மாட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு அன்றைக்கு இன்னும் நிறைய மாடுகள் இருந்தன.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அப்பா எல்லோர் முன்னாலும் தப்பு செய்தவராக நின்றார், எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று சாயங்காலமே அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தவிடு வாங்க ஓசூர் போகிறார் என்றாள் அம்மா. மறுநாள் உச்சிவேளைக்கு, முழங்கால் வரை புழுதியோடு வந்தார். தவிடு வரவில்லை. கடை மூடியிருந்ததா என்று அம்மா கேட்கவும் இல்லை.

எங்கள் எருதுகள் பிழைத்தன. ஊசி போட்ட மாடுகளில் பெரும்பாலானவை பிழைத்தன. ஊர் மாரியாத்தாவுக்குப் பொங்கல் வைத்தது. கெம்பன் எல்லை தாண்டியதால்தான் நோய் நின்றது என்று இன்றும் அங்கே சொல்லுவார்கள் என நினைக்கிறேன். ஊசி போட்ட டாக்டரை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கட்டு நீங்கிய பிறகு அப்பா வாரம் தவறாமல் அத்திப்பள்ளிச் சந்தைக்குப் போக ஆரம்பித்தார். முன்பெல்லாம் வருஷத்தில் ஓரிரு தடவை போகிறவர். காலையில் போவார், பொழுது சாய்ந்து வெறுங்கையோடு வருவார். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா, அத்திப்பள்ளியில் அப்படி என்ன வைத்திருக்கிறாரோ என்று அம்மாவைச் சீண்டினாள். அம்மா களி கிண்டப் போய்விட்டாள். சந்தை நாள் காலையில் அவள் ஒரு களி உருண்டையை இலையில் வைத்துக் கட்டுவாள். அதோடு சுட்ட கருவாடு இரண்டு துண்டும் வைப்பாள். கருவாட்டு வாசனையே ஆகாத மனிதர் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெம்பனை விரட்டிவிட்டு அதன் பங்கையும் இவரே தின்கிறார் என்று நினைத்தேன்.

பொங்கல் கழிந்து, பனி குறைந்து, வெயில் ஏறத் தொடங்கிய ஒரு சந்தை நாளில் அம்மா என்னையும் அவரோடு அனுப்பினாள். எனக்குப் பாவாடைத் துணி எடுக்க வேண்டியிருந்தது. பழைய பாவாடையின் ஓரத்தில் மஞ்சளும் லேசான சிவப்புமாக ஒரு கறை. எத்தனை துவைத்தும் போகவில்லை.

சந்தையில் துணி எடுத்தது ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அப்பா எனக்கு ஒரு கடலை உருண்டை வாங்கிக் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். இறைச்சிக் கடைகள் பக்கம் போனார். வண்டிகள் அவிழ்த்துவிட்டிருந்த மரத்தடிக்குப் போனார். டீக்கடைக்குப் பின்னால், எச்சில் இலை கொட்டுகிற இடத்துக்குப் போனார். போகிற இடத்திலெல்லாம் யாரையாவது நிறுத்தி, தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டார். நான் நாலு அடி தள்ளித்தான் நடந்தேன். பேச்சு இல்லாதபோது ஒட்டி நடக்கிறது எப்படி? சந்தை இரைச்சலில் அவர் சொன்னது என் காதில் விழவில்லை. ஆனால் ஜாடை தெரிந்தது. ஒவ்வொருவரிடமும் அப்பா இடது கையைத் தூக்கி, தன் இடது காதின் மேல்பாதியை விரலால் மடித்துக் காட்டினார். எதிரே நின்றவர் யோசித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அப்பா அடுத்தவரிடம் போவார். மறுபடி காதை மடிப்பார். மறுபடி அவர்கள் இல்லை என்று தலையசைப்பார்கள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அப்பா மாடு வாங்க வந்திருக்கிறார். துண்டுக்குள் விரல் அசைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், காதை மடிப்பது மைசூர் சீமை வழக்கம். அப்பா சொல்கிற விலைக்கு ஒருவரும் படியவில்லை. அவர் முகம் தொங்கிப்போயிருந்ததைப் பார்க்க, கோபத்தையும் மீறி எனக்குப் பாவமாக இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அவர் மடியிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்து, களியையும் கருவாட்டையும் எச்சில் இலை மேட்டின் ஓரமாக வைத்தார். சந்தை நாய்கள் ஓடிவந்தன. அவர் கொஞ்ச நேரம் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார். பசி இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அப்பா காதை மடித்து மடித்து விலை கேட்டார், யாரும் கொடுக்கவில்லை என்று. அம்மா அடுப்பை ஊத ஆரம்பித்தாள். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பு அது. புகை கண்ணைக் கரிக்கிறது என்றாள்.

இப்போது நான் ஓசூரிலேயே பேரன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் கொள்ளுக்காடு இருந்த பக்கமெல்லாம் கம்பெனி மதில். பேரனின் நாய் ஒரு தும்மல் போட்டால் போதும், காரில் போட்டு டாக்டரிடம் ஓடுகிறார்கள். நானும் கிண்டல் செய்வதில்லை. ஒரு பக்கமா ரெண்டு பக்கமா என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். போன வருஷம் அந்த நாய் பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். நான் எங்கள் தெருக்கோடிக் கம்பெனியின் காவலாளியிடம் போனேன். வடக்கத்திப் பையன், எனக்கு அவன் பாஷை வராது, அவனுக்கு என் பாஷை வராது. எங்கள் நாய்க்கு ஒரு காது மட்டும் வெள்ளை. அதைச் சொல்வதற்காக என் கை தானாகப் போய் என் காதைப் பிடித்தது. அவன் யோசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

கையை எடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அந்தப் பையன் பயந்துபோய் நாற்காலி எடுத்துப் போட்டான். பேரனின் நாய் அன்றைக்கே கிடைத்துவிட்டது. நான்தான் அதன் பிறகு பல நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்பா போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இனி யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு விஷயம் மட்டும் மிச்சமிருக்கிறது. அன்று சந்தையிலிருந்து ஓசூர் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஊருக்கு நடந்து வந்தோம். நான் எப்போதும்போல் நாலு அடி பின்னால். அப்பாவின் தோள் அப்படிச் சரிந்து நான் பார்த்ததில்லை. பேசக் கூடாது என்பதை மறந்துபோய்க் கேட்டுவிட்டேன்.

“விலை படியலையாப்பா?”

அப்பா நின்றுவிட்டார். திரும்பி என்னையே பார்த்தார். இத்தனை நாளுக்குப் பிறகு நான் வாய் திறந்ததற்காகத்தான் அப்படிப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“படியல பாப்பா,” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சதூரம் நடந்த பிறகு, “அடுத்த வாரம் பாப்போம்,” என்றார்.

அடுத்த வாரமாவது அப்பாவுக்கு ஒரு நல்ல மாடு அமைய வேண்டும் என்று நடந்துகொண்டே மாரியாத்தாவை வேண்டிக்கொண்டேன்.